நாற்பத்தேழாம் எண் நெல்லின் உள்ளே

ஸ்ரீரங்கம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள யமுனாவுக்கு,

வீட்டில் மூவரும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. உன் அண்ணன் தென்னூர்க் கடையில் பம்புசெட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே பனி விட்டதா? இருமல் போய்விட்டதா?

போனில் அத்தை பேசி, உன் அண்ணன் பேசி, என் கைக்கு வரும்போது உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் மின்னஞ்சலில் கடிதம். ஓர் உதவி வேண்டும்.

லால்குடி பக்கத்து எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் நான் எட்டு வருடமாக ஒரு நெல் ரகத்தைத் தேர்ந்து வருகிறேன். சோதனை எண் நாற்பத்தேழு. முழு அரிசியில் துத்தநாகச் சத்து பொன்னியைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு இருக்கிறது. ஆனால் அது அரிசியின் மேல்தோலில் இருக்கிறதா, உள்ளேயா என்பதுதான் கேள்வி. மேல்தோலில் இருந்தால் ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும். மாடு தின்னும், குழந்தை தின்னாது. தீட்டிய அரிசியைச் சோதனைக்கு அனுப்பினால் எவ்வளவு தீட்டுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. எந்த ரகத்தைத் தொடர்வது என்று முடிவு செய்யும் குழு ஜூன் கடைசியில் கூடுகிறது. தலைவர் பீமராவ் சார். "உள்ளே இருக்குன்னு கண்ணால காட்டுங்க. இல்லேன்னா இதோட நிறுத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

கண்ணால் காட்ட உன் இயந்திரத்தால் முடியுமா?

அன்புடன்,
அண்ணி ரங்கநாயகி


பிரான்ஸ்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது, பனி போகவில்லை. அம்மாவிடம் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு என்னிடம் பொய் சொல்கிறாள்.

முடியும். எங்கள் வேலையே இதுதான். இங்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடுகின்றன. அவற்றை வளைக்கும் இடங்களில் எக்ஸ்ரே பீறிடுகிறது. அந்தக் கதிரை இரண்டு வளைந்த கண்ணாடிகளால் குவிக்கிறோம். ஒன்று மேலும் கீழும் விரிவதைச் சேர்க்கிறது, மற்றது பக்கவாட்டில் விரிவதை. கடைசியில் கிடைக்கும் புள்ளி ஒரு மைக்ரான். தலைமுடித் தடிமனில் எழுபதில் ஒரு பங்கு. அது படும் இடத்தில் துத்தநாகம் இருந்தால் தனக்கே உரிய ஒளியில் பதில் சொல்லும், இரும்பு தன் ஒளியில் சொல்லும். கதிர் நின்ற இடத்தில் நிற்கும். நெல்லைத்தான் ஒவ்வொரு மைக்ரானாக நகர்த்துவோம். புள்ளி புள்ளியாகப் படம் சேரும்.

இதைப் போனில் சொன்னபோது அண்ணன், "அதாவது ஓஸ் பைப்பை விரலால அமுக்கிப் பிடிக்கிற மாதிரி" என்றான். இல்லை என்று சொல்லுங்கள். அடைத்துச் சின்னதாக்கினால் கதிரில் பெரும்பகுதி வீணாகும். கண்ணாடி எதையும் அடைப்பதில்லை. பரவியதைக் கூட்டிச் சேர்க்கிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்து என் ரிப்பனில் அவன் போட்ட ஓட்டையை நினைவூட்டுங்கள். புரிந்துவிடும்.

ஏப்ரலில் எங்கள் குழுவுக்கு இந்த இயந்திரத்தில் பதினெட்டு மணி நேரம் இருக்கிறது. ஆறு மணி நேரம் உங்களுக்குத் தருகிறேன். நாற்பத்தேழில் முப்பது நெல், ஒப்பிட்டுப் பார்க்கப் பொன்னியில் முப்பது நெல் அனுப்புங்கள். விதைக்குரிய சான்று இல்லாமல் அனுப்பிவிடாதீர்கள், விமான நிலையத்தில் எரித்துவிடுவார்கள்.

யமுனா


ஸ்ரீரங்கம்
12 மார்ச் 2025

அன்புள்ள யமுனாவுக்கு,

எல்லாரும் நலம். உன் அண்ணனுக்கு ரிப்பன் விஷயம் நினைவில்லையாம். அத்தைக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சான்று வர மூன்று வாரம் ஆயிற்று. இன்று கூரியரில் போட்டுவிட்டேன். இரண்டு கவர்கள். பொன்னி எங்கள் விதைக் கிடங்கிலிருந்து நானே எடுத்தது. நாற்பத்தேழைக் களத்தில் வைத்துப் பாப்பாயி கட்டிக் கொடுத்தாள். எட்டு வருடமாக அந்த ரகத்தை அறுப்பதும் அடிப்பதும் காயவைப்பதும் அவள்தான். எங்கே போகிறது என்று கேட்டாள். பிரான்ஸ் என்றேன். "அது துபாய்க்கு அந்தாண்டையாங்க, இந்தாண்டையாங்க?" என்றாள். அந்தாண்டை என்றேன். "அவ்வளவு தூரமா" என்று கவரை மறுபடி ஒரு தடவை பிரித்துப் பார்த்துக் கட்டினாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ரங்கநாயகி


பிரான்ஸ்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. எல்லாருக்கும் சொல்லுங்கள். நான் பாயசம் வைக்கவில்லை. அதைவிட நல்ல செய்தி இருக்கிறது.

துத்தநாகம் உள்ளே இருக்கிறது.

வரிசையாகச் சொல்கிறேன். அறையின் வெப்பம் கால் டிகிரி மாறினால்கூடக் கண்ணாடிகள் நகர்ந்துவிடும். அதனால் முந்தின நாளே நெல் துண்டுகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். உமியின் ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை ஒரு பட்டை. ஒரு நெல்லுக்கு முக்கால் மணி நேரம். பொன்னியில் நாங்கள் எதிர்பார்த்ததுதான்: ஓரத்தில் பளிச்சென்று ஒரு கோடு, உள்ளே வெறும் இருட்டு. நாற்பத்தேழில் கோடு மங்கலாகவும், அங்கிருந்து உள்நோக்கி ஒரு சரிவாகவும் வந்தது. நாலு நெல்லிலும் அப்படியே. படம் இணைத்திருக்கிறேன். எங்கள் தலைவர் பார்த்துவிட்டு வராந்தாவில் உள்ள பெரிய திரையில் போடச் சொன்னார். இரண்டு நாளாக வருகிறவர் போகிறவரெல்லாம் லால்குடி நெல்லைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று: பொன்னியை மெல்லிய துண்டாக அறுக்கும்போது பொடிப்பொடியாக உதிர்ந்தது. எட்டு நெல் வீணாயிற்று. உங்கள் ரகம் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு அறுபட்டது. கெட்டியான ரகம் போலிருக்கிறது. வாழ்த்துகள், அண்ணி.

யமுனா


ஸ்ரீரங்கம்
17 ஏப்ரல் 2025

அன்புள்ள யமுனாவுக்கு,

உன் கடிதத்தை லால்குடி ரயிலில் வைத்துப் படித்தேன். வாளாடி தாண்டியதும் அழுதுவிட்டேன். எதிரில் பூக்கூடையோடு இருந்த அம்மா, "யாருக்கு என்னம்மா?" என்று பதறினார். நெல்லுக்கு நல்ல சேதி என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, இரண்டு முழம் மல்லிகையைச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

குழுவுக்குப் போகும் அறிக்கையின் முதல் பக்கத்தில் உன் படம். அச்சுக்குத் தெளிவான பிரதி ஒன்று அனுப்பு. இனி சம்பிரதாயமான வேலைகள் மட்டும்தான். இரண்டிலும் உனக்கு அனுப்பியது போகத் தனிக் கவர்களில் மீதி வைத்த நெல்லில் இருபது இருபதாக எடுத்து ஈரத்துணியில் முளைப்புச் சோதனைக்கு வைத்திருக்கிறேன். இந்தப் பருவத்து விதைதான் என்று பதிவு செய்ய அது வேண்டும்.

அத்தை உனக்காக வடுமாங்காய் போட்டு வைத்திருக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

ரங்கநாயகி


பிரான்ஸ்
4 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

அங்கே எல்லாரும் சுகம்தானே? இரண்டு வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் அம்மா எடுத்து, "அவ பண்ணைக்குப் போயிருக்கா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னாள்.

படத்தின் தெளிவான பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பினேனே, வந்ததா? இன்னும் என்ன அளவு வேண்டும் என்று எழுதினால் செய்து தருகிறேன். அடுத்த மாதம் இங்கே ஒரு கருத்தரங்கு இருக்கிறது. அதில் இதைக் காட்டலாமா?

யமுனா


ஸ்ரீரங்கம்
9 மே 2025

அன்புள்ள யமுனாவுக்கு,

அனைவரும் சுகம். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. சித்திரைத் தேர் நன்றாக நடந்தது, கூட்டம் தாங்கவில்லை. அத்தை இந்த வருடம் மாடியிலிருந்து பார்க்க முடியாமல் வாசலிலேயே நின்று பார்த்தார். குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது.

பிரதி வந்தது. படத்தை இப்போதைக்கு யாருக்கும் காட்ட வேண்டாம்.

ரங்கநாயகி


தென்னூர், கடை
11 மே 2025

யமுனாவுக்கு அண்ணன் எழுதுவது.

நலம். இது நான் எழுதும் முதல் மின்னஞ்சல், பில் அனுப்புவதைத் தவிர. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் வெயில் என்கிறாள். வீட்டில் இரண்டு தட்டில் ஈரத்துணி வைத்திருந்தாள். ஒன்றில் நெல் எல்லாம் முளைத்து வால் விட்டிருந்தது. மற்றதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பத்தாவது நாள் நாற்றமடித்து அம்மா தூக்கிப்போடப் போனாள். "தொடாதீங்க அத்தை" என்று அவள் போட்ட சத்தத்தில் நானே பயந்துவிட்டேன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, என்னிடம் தவிர.

எனக்கு நெல் தெரியாது. ஆனால் மோட்டார் ஓடவில்லை என்றால் முதலில் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பேன். நீயே கேள். நான் சொன்னதாகச் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.

இளவரசன்


பிரான்ஸ்
12 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்று தெரிகிறது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அண்ணன் ஈரத்துணியைப் பற்றிச் சொன்னான்.

முளைக்காத நெல் என்றால் அவித்த நெல். எனக்கு அது ஏப்ரலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பச்சை நெல் உதிரும்; அவித்தது கண்ணாடியாக அறுபடும். புழுங்கலரிசி சாப்பிட்டு வளர்ந்தவள், கையில் பிடித்து அறுத்தும் தெரிந்துகொள்ளவில்லை. ரகம் கெட்டி என்று எழுதி உங்களையும் நம்ப வைத்தேன். அவிக்கும்போது மேல்தோலில் உள்ள சத்து தண்ணீரோடு உள்ளே இறங்கும் என்று வைட்டமினைப் பற்றிப் பாடத்திலேயே உண்டு. நாம் பார்த்த சரிவு ரகத்தினுடையதா, அவித்ததாலா என்று இப்போது சொல்ல முடியாது. எப்படி அவிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

வராந்தாத் திரையிலிருந்து படத்தை இன்று எடுக்கச் சொல்லிவிட்டேன். ஏன் என்று தலைவர் கேட்டார். சொன்னேன். சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

மே 30ஆம் தேதி ஒரு குழுவினர் தங்கள் நேரத்தில் ஐந்து மணி நேரம் விட்டுக் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். நாலு வகை வேண்டும்: இரண்டு ரகமும் பச்சையாக, இரண்டு ரகமும் அவித்து. விதையாக அனுப்பினால் சான்றுக்கு நாளாகும். உங்கள் கல்லூரித் தோழியின் ஆய்வகத்தில் பிசினில் பதித்துக் கட்டியாக அனுப்புங்கள். உதிராது.

பதில் போடுங்கள் அண்ணி. ஒரு வரியானாலும் போதும்.

யமுனா


ஸ்ரீரங்கம்
16 மே 2025

அன்புள்ள யமுனாவுக்கு,

இன்று இரண்டு வேளையும் சாப்பிட்டேன். உன் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது.

ஏப்ரல் 24ஆம் தேதியே எனக்குத் தெரியும். பொன்னி இருபதில் பத்தொன்பது முளைத்திருந்தது, நாற்பத்தேழில் ஒன்றுமில்லை. இந்த மூன்று வாரமும் நான் யோசித்தது எப்படி நடந்தது என்று அல்ல. யாருக்கும் தெரியாது என்பதைப் பற்றித்தான். அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. மீதி நெல்லை வாய்க்காலில் கொட்டினால் முடிந்தது. வாய்க்கால் வரைக்கும் ஒருநாள் கவரோடு நடந்தும் போனேன். உன் கடிதம் வந்த பிறகுதான் நேர்மையானேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அதற்கு முந்தின நாளே அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். ஆனால் உன்னிடம் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. அதையும் நீ தெரிந்துகொள்.

உன் கடிதம் வந்த அன்றே பாப்பாயியைக் கேட்டேன். முதலில், "நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்றாள். திட்டமாட்டேன் என்ற பிறகு சொன்னாள்.

"கடல் தாண்டிப் போற நெல்லுங்க. வழியில வண்டு விழுந்து, அங்க பிரிக்கறப்போ நெளிஞ்சா யாருக்கு அசிங்கம்? உங்களுக்குத்தானே. அதான் ரெண்டு கை நெல்ல ஊற வச்சு, அவிச்சு, நிழல்ல காய வச்சேன். அவிச்ச நெல்ல வண்டு அண்டாது."

"பொன்னிய மட்டும் ஏன் விட்டே?"

"அது கெடங்கு விதையாச்சே. மருந்து போட்டது. அதுக்கு வண்டு வராது. நம்மளுதுக்குத்தான் யாரும் இல்ல."

விதைக் கவரை மூடும் முன் நான் ஒரு நெல்லை உரித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். உரித்துப் பார்க்கவில்லை. அவள் கட்டினால் சரியாக இருக்கும் என்று எட்டு வருடப் பழக்கம்.

நாலு வகையும் பதித்து இன்று அனுப்புகிறேன். அவித்த இரண்டும் பாப்பாயி கையால், பக்கத்தில் நான் நின்று. அந்தக் கருத்தரங்கில் நீ பேச வேண்டியிருந்தால் மன்னித்துக்கொள்.

ரங்கநாயகி


பிரான்ஸ்
2 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது என்று அண்ணன் சொன்னான், நிம்மதி. கருத்தரங்கில் வேறு ஒன்றைப் பேசுகிறேன். கவலை வேண்டாம்.

ஐந்து மணி நேரத்தில் பதினாறு நெல் பார்க்க, இந்த முறை பட்டையைக் குறுக்கி ஒரு நெல்லுக்குக் கால் மணி நேரம்தான் கொடுத்தேன். கெட்டதை முதலில் சொல்கிறேன். பச்சை நாற்பத்தேழில் துத்தநாகம் ஓரத்தில்தான் இருக்கிறது. பொன்னியைவிட அகலமான, பளிச்சென்ற கோடு, ஆனால் கோடுதான். உள்ளே பொன்னியைவிடக் கொஞ்சம் கூடுதல், குழுவிடம் வாதாடும் அளவுக்கு இல்லை. பச்சரிசியாகத் தீட்டினால் பெரும்பகுதி போய்விடும். எட்டு வருடத்துக்கு இது என்ன பதில் என்று எனக்குத் தெரியும். வேறு மாதிரி எழுத வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

இப்போது மற்றது. அவித்த பொன்னியில் ஓரத்திலிருந்து லேசாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஓரத்திலேயே அதிகம் இல்லாததால் இறங்கவும் அதிகம் இல்லை. அவித்த நாற்பத்தேழில் பழைய சரிவு அப்படியே வருகிறது. நாலு நெல்லில் நாலிலும். இரும்பு நகரவில்லை, ஓரத்திலேயே நிற்கிறது. அதனால் படம் கலங்கியதால் வந்த மயக்கம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். முதல் முறை பார்த்தது பொய்யில்லை, அண்ணி. அது வேறு கேள்விக்கான பதில்.

நம் பக்கத்தில் தினமும் உலையில் போடுவது புழுங்கலரிசிதானே? ஆனால் ஒரு வகைக்கு நாலு நெல்லை வைத்து ஊருக்கெல்லாம் சொல்லக்கூடாது. எத்தனை நாழி ஊறியது, எத்தனை நாழி அவிந்தது என்று எழுதியாக வேண்டும். படங்கள் நாலையும் அனுப்புகிறேன். நாலையும் காட்டுங்கள்.

யமுனா


ஸ்ரீரங்கம்
27 ஜூன் 2025

அன்புள்ள யமுனாவுக்கு,

இங்கே எல்லாருக்கும் சௌக்கியம். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை நடந்தே கோயிலுக்குப் போய் வந்தார்.

நேற்று இங்கே டவுனில், கே.கே. நகரில் குழு கூடியது. பாப்பாயியைக் கூட்டிக்கொண்டு போனேன். வர மறுத்தாள், "என்னைய எதுக்குங்க கோர்ட்டுக்கு?" என்றாள். கோர்ட் இல்லை என்று சொல்லி, மகள் கல்யாணத்துச் சேலையைக் கட்டிவரச் செய்து அழைத்துப் போனேன்.

நாலு படத்தையும் காட்டினேன். அவித்த நெல் எப்படி வந்தது, எனக்கு எப்போது தெரிந்தது, எத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் வாசித்தேன். பீமராவ் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பச்சரிசிக்கு இந்த ரகம் ஆகாது. அதுல சந்தேகமில்லையே?"

"இல்லைங்க சார்."

"எவ்வளவு நேரம் அவிச்சீங்க?"

நான் பாப்பாயியைப் பார்த்தேன். எழுந்து நின்றாள்.

"மணி பார்க்கலைங்க. நெல்லு வாய் பிளந்ததும் இறக்கிட்டேன்."

இன்னொரு உறுப்பினர், "நிமிஷக் கணக்குல சொல்லுங்கம்மா, எழுதணும்" என்றார்.

"நிமிஷத்துல சொன்னா உங்க அடுப்புல குழைஞ்சு போயிடுமுங்க. உங்க அடுப்பு வேற, எங்க அடுப்பு வேற. நெல்லுக்கு வாய் ஒண்ணுதான்."

பீமராவ் சார் சிரிக்கவில்லை. "அவங்க சொன்னபடியே எழுதிக்குங்க. பக்கத்துல நிமிஷத்தையும் போடுங்க, அளந்து" என்று குறிப்பெடுப்பவரிடம் சொன்னார். தீர்மானம் இதுதான்: பச்சரிசி ரகமாக நாற்பத்தேழு கைவிடப்படுகிறது. புழுங்கலுக்கான ரகமாக இன்னும் இரண்டு சம்பாப் பருவத்துக்கு அனுமதி. முப்பது வீட்டு அடுப்பில் அவித்து, தீட்டி, அளக்க வேண்டும். அதில் சில நெல் உன்னிடம் வரும். ஐந்து மணி நேரம் எங்கேயாவது கேட்டு வாங்கி வை.

திரும்பும்போது மாலை ரயில். நான் ஸ்ரீரங்கத்தில் இறங்க வேண்டும், அவள் லால்குடிக்கு. காவிரிப் பாலத்தில் வண்டி மெல்லப் போனது. அப்போது அவள் கேட்டாள்.

"அப்போ நான் பண்ணினது தப்பாங்க, சரியாங்க?"

யோசித்தேன். உன் படம், என் மூன்று வாரம், அந்தக் குழுவின் தீர்மானம் எல்லாவற்றையும் சேர்த்து யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

"தப்புதான் பாப்பாயி. கேக்காமப் பண்ணினே பாரு, அது தப்பு."

தலையாட்டினாள். ஸ்டேஷன் வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"சரிங்க. முப்பது வீட்டுலயும் கேட்டுட்டே அவிக்கிறேன்" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் அண்ணி,
ரங்கநாயகி